ஆயிரம் ரூபாயும் களைக்கூலியும்

கேள்வி: மாதம் ஆயிரம் ரூபாயை அரசாங்கம் பெண்களின் கணக்கில் சும்மா போடுகிறது. நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். ஊரில் மூன்று ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. இந்தப் பணம் வர ஆரம்பித்ததிலிருந்து களையெடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. வருகிற பணத்தையும் புருஷன்மார்கள் பிடுங்கிக் குடித்துவிடுகிறார்கள். விலைவாசி வேறு ஏறுகிறது. மீனைக் கொடுப்பதைவிட மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதானே முறை? உங்கள் பத்திரிகை ஏன் இதைக் கண்டித்து எழுதுவதில்லை?
— ஒரு வாசகர், செங்கம்

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், ஐயா. ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு டீ, ஒரு வடை. இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு நிதித்துறையையே ஒப்படைத்துவிடலாம்.

நீங்கள் ஓய்வூதியம் வாங்குகிறவர். அகவிலைப்படி உயர்ந்த செய்தி வரும்போது, 'ஐயோ, இதனால் நாம் சோம்பேறியாகிவிடுவோமே' என்று ஒருநாளாவது கவலைப்பட்டதுண்டா? ஓய்வூதியம் நீங்கள் உழைத்ததற்கான பணம் என்பீர்கள். சரி. அந்தப் பெண்கள் சமைத்தது, தண்ணீர் சுமந்தது, மாமியாரைக் குளிப்பாட்டியது எல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உழைப்பு. அதனால்தான் அந்தத் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் அது தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குப் பணம் போனது. ஓட்டுக்காகத்தான் கொடுத்தார்கள் என்கிறீர்களா? இருக்கட்டும். ஓட்டுக்காக ரோடும்தான் போடுகிறார்கள். அதில் நடக்கும்போது யாருக்கும் கால் கூசுவதில்லை.

இனி சோம்பேறித்தனம். பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் இன்னும் மூவரும் சேர்ந்து, ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆய்வு கிடக்கட்டும். உங்கள் பக்கத்திலேயே நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு அம்மா. அரை ஏக்கர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக எடுத்து, மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர். வருஷா வருஷம் என்ன நடக்கும்? விதைக்காய்க்கும் உரத்துக்கும் உள்ளூர் வியாபாரியிடம் முன்பணம். செடி பிடுங்கிய அன்றே வியாபாரி சாக்கோடு வந்து வரப்பில் நிற்பார். காயின் ஈரம் காயவில்லை, மண்கூட உதிரவில்லை. அப்படியே அளந்து பச்சைக் காயாகவே எடுத்துப் போய்விடுவார். விலை அவர் வாயில் வந்ததுதான். பத்து நாள் களத்தில் உலர்த்தி கமிட்டிக்கு (அரசின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு) கொண்டுபோனால் கூடுதல் விலை கிடைக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேளாண் அதிகாரி வந்து பாடம் நடத்த வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் அடுப்பு எரிய வேண்டுமே. குழுக்கடன்காரர் வாரா வாரம் வந்து உட்கார்ந்துவிடுவாரே.

போன முறை அவர் வியாபாரியிடம் பாதிக் காயைத்தான் கொடுத்தார். முன்பணம் கழிந்தது. மீதியை உலர்த்தினார். இடையில் மாதப் பணம் கணக்கில் ஏறியது. அதில் ஒரு தவணை, எண்ணெய், மகளுக்கு நோட்டு. பதினோராம் நாள் மினி லாரியில் நாலு மூட்டை ஏற்றினார். "எவ்வளவு கூடக் கிடைச்சுதும்மா?" என்று கேட்டேன். "சொன்னா கண்ணு வச்சிடுவீங்க" என்று சிரித்தார். காதில் தோடு இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அதே மாதத்தில் அது அடகில் இருந்தது.

அந்த ஆயிரம் ரூபாயில் அவர் வாங்கியது பத்து நாள் பொறுமை. இல்லாதவருக்கு எல்லாமே உடனே தேவை. அதனால் விற்கும்போது அடிமாட்டு விலை, வாங்கும்போது கந்துவட்டி. மாதாமாதம் தவறாமல் ஒரு தொகை வரும் என்ற நிச்சயம் இருந்தால், 'இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒருவரால் சொல்ல முடிகிறது. நமக்கெல்லாம் அது பெரிய விஷயமாகத் தெரியாது. நாம் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

2011-ல் மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் வட்டாரத்தில் எட்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு, 'சேவா' பெண்கள் அமைப்பு ஒரு பரிசோதனை செய்தது. ஏழை, பணக்காரர் என்று பிரிக்கவில்லை. ஊரில் இருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 (அது தாயின் கைக்குப் போகும்). பிறகு அது 300, 150 என்று உயர்ந்தது. எந்த நிபந்தனையும் கிடையாது. அங்கேயும் இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஒன்றரை வருடத்தில் என்ன ஆனது? கூலிக்குப் போவது குறைந்தது. இதைப் படித்ததும் நீங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். கூலிக்குப் போனவர்கள் அந்த நேரத்தில் தங்கள் சொந்தத் துண்டு நிலத்தில் உழைத்தார்கள். ஆடு, கோழி வாங்கினார்கள். பெரிய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கூடியது. மொத்த உழைப்பு குறையவில்லை, கூடியது. அடுத்தவர் வயலிலிருந்து தன் வயலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

கென்யாவின் கதை இன்னும் பெரியது. சியாயா என்ற மாவட்டத்தில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் புல் கூரை போட்ட சுமார் பத்தாயிரத்து ஐந்நூறு குடும்பங்களுக்கு, ஆளுக்குச் சுமார் ஆயிரம் டாலர், செல்போன் வழியாகவே போனது. புல் கூரைதான் ஏழை என்பதற்கு அடையாளம். வருமானச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து எதுவும் இல்லை. கீற்றுக் கூரையில் குடியிருந்தவர்களுக்கு அந்த அடையாளத்தின் அர்த்தம் புரியும். ஓலையை மாற்றுவதும் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பதும் ஓயாத செலவு, ஓயாத வேலை. கென்யக் குடும்பங்களில் நிறையப் பேர் அந்தப் பணத்தில் வாங்கியது கூரைக்குத் தகரம்தான்.

விலைவாசி ஏறுகிறது என்றீர்களே, அதையும் அங்கே அளந்தார்கள். அவ்வளவு பணம் ஒரே வட்டாரத்தில் கொட்டியும் விலை உயர்வு 0.1 சதவீதம்தான். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூரில் ஏறக்குறைய இரண்டரை டாலர் வியாபாரம் நடந்தது. பணம் வாங்காத மளிகைக் கடைக்காரருக்கும் தச்சருக்கும்கூட வருமானம் கூடியது.

ஆனால் என்னை உலுக்கியது 2025-ல் அதே கிராமங்களைப் பற்றி வெளிவந்த ஆய்வு. பணம் கிடைத்த குடும்பங்களில், ஒரு வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து கொடுக்கவில்லை, டாக்டரை அனுப்பவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகக் கையில் காசு இருந்தது. நிறைமாதத்தில் காட்டுவேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த இடங்களில் பலன் அதிகம். ஆகவே பணம் கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரி எதற்கு என்று எந்த அரசும் கையை உதறிவிட முடியாது. நமக்கு இது புதிதும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவியின் நோக்கமே இதுதான்: கர்ப்ப காலத்தில் கூலி போனால் அதற்கு ஈடு, கூடவே சத்தான சாப்பாடு. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 என்று உயர்ந்தது. அதனால் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் சோம்பேறியானதாக நான் கேள்விப்படவில்லை.

குடி. உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள். பண உதவி வந்ததால் சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை; சில இடங்களில் குறைந்தே இருந்தது. பிடுங்கிக் குடிக்கும் கணவன்மார் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆயிரம் வராத காலத்தில் அவர்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தார்களா? 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அப்போதைய கணக்கில் உரிமைத் தொகைக்கு ஒரு வருடத்துக்கு ஆனது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குடியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி. உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்கத் தெரியாதவர் எத்தனை பேர்? தெரிந்தவர் இறங்கிப் பிடித்தால் விடுவார்களா? ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலம் என்று ஒன்று இருக்கிறதே, அதை வருஷா வருஷம் எடுப்பது யார் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால், பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவன் என்று என்னை முத்திரை குத்திவிடாதீர்கள். இருப்பதைப் பறித்துக்கொண்டு பணம் கொடுப்பது வேறு சங்கதி. 2017 அக்டோபரில் ஜார்க்கண்டில், ராஞ்சி பக்கத்து நக்ரி வட்டாரத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒரு ரூபாய்க்குக் கிடைத்த ரேஷன் அரிசி கிலோ 32 ரூபாய் ஆனது. வித்தியாசத்தை அரசு கணக்கில் போடும். ஜனங்கள் பேங்குக்கு நடந்தார்கள், பணம் ஏறியதா என்று கேட்டார்கள், வரிசையில் நின்று எடுத்தார்கள், அதைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் கொடுத்து அரிசி வாங்கினார்கள். ஒரு அரிசிப் பைக்காக எத்தனை நாள் கூலி போயிருக்கும்! ஜனங்கள் கொதித்தார்கள், அடுத்த ஆகஸ்டில் திட்டத்தைச் சுருட்டிவிட்டார்கள். புதுச்சேரியில் 2015-லிருந்து அரிசிக்குப் பதில் பணம் என்று பழக்கிப் பார்த்தார்கள். 2024-ல் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. அரிசியும் வேண்டும், பணமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பிடுங்கினால் மறுபடியும் பொறுமையைப் பறித்ததாகிறது.

இன்னொரு குறையும் உண்டு. மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. நான் சொன்ன மல்லாட்டை அம்மாவுக்கு அது வராது. அவர் பயிரிடும் நிலத்தின் பட்டா சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் பேரில் இருக்கிறது, பணமும் அங்கே போகிறது. உங்கள் மூன்று ஏக்கரும் உங்கள் பேரில்தானே?

கடைசியாக, களைக்கு ஆள் கிடைக்காத விஷயம். உங்கள் கடிதத்தில் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது, அதை நான் கேலி செய்யவில்லை. விவசாயச் செலவு எகிறிக் கிடப்பதும், விளைந்ததற்கு விலை இல்லாததும் எனக்கும் தெரியும். ஆனால் 33 ரூபாய்க்காக ஒருவர் உங்கள் வயலுக்கு வராமல் நின்றுவிட்டார் என்றால், அதற்கு முன்னால் அவர் எதற்காக வந்துகொண்டிருந்தார்? ஆசைப்பட்டு வந்தாரா, வேறு வழியில்லாமல் வந்தாரா? ஓய்வூதியம், மூன்று ஏக்கர், மீன் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். களையெடுக்கப் பெண்ணாளுக்கு என்ன கூலி தருகிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. ஆணாளுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.