எட்ட நிறுத்திப் பழகுவது குறையா?

கேள்வி: செம்பனைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். ஆண்டு மதிப்பீட்டின்போது, நான் தொழிலாளர்களை ‘ஆம்ஸ் லெங்த்’தில் வைத்திருப்பதாகப் புதிய மேலாளர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் யாரையும் கடிந்து பேசியதில்லை. அவர் சொன்னது பாராட்டா, குறையா?
— வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: ஒருவர் மிக நெருங்கி வந்துவிடாதபடி கையை நீட்டித் தடுத்து நிறுத்துவதே இத்தொடர் காட்டும் காட்சி. அவரை விரட்டுவதும் இல்லை, அணைத்துக்கொள்வதும் இல்லை. பேச்சும் மரியாதையும் குறைவின்றி நடக்கும், மனத்துக்குள் மட்டும் இடம் தரப்படுவதில்லை. பட்டும் படாமலும் பழகுவது என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். முகம் கொடுக்காமல் ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘கோல்டு ஷோல்டர்’ என்ற வேறு தொடர் இருக்கிறது. மேலாளர் அதைச் சொல்லாததால், நீங்கள் யாரையும் அவமதித்ததாக அவர் கருதவில்லை என்றே கொள்ளலாம்.

பணம் சார்ந்த காரியங்களில் இந்தத் தூரம் நல்லது மட்டுமன்று, கட்டாயமும்கூட. ஒரே குழுமத்தைச் சேர்ந்த தோட்ட நிறுவனம் தன் குலைகளை அக்குழுமத்தின் ஆலை நிறுவனத்துக்கே விற்றாலும், உறவில்லாத இருவர் பேசி முடிக்கும் விலையையே வரிக்கணக்கில் காட்ட வேண்டும்; 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140ஏ பிரிவு 2009 முதல் வலியுறுத்தும் இந்த நெறிக்கும் ‘ஆம்ஸ் லெங்த்’ என்றே பெயர். தொழிலாளர்களின் வேலை நாள்களையும் சம்பளத்தையும் பதியும் உங்கள் செக்ரோலுக்கும் அந்த நெறி பொருந்தும். வேண்டியவருக்கு ஒரு நாள் கூட்டியும் வேண்டாதவருக்கு ஒரு நாள் குறைத்தும் எழுதாத கிராணியைத்தான் லயத்தில் உள்ளவர்கள் நம்புவார்கள். அந்த அளவில் நீங்கள் விலகி நிற்பதை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஆனால், ஒருவருடைய பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலேயர் இத்தொடரைப் பெரும்பாலும் குறையாகவே சொல்வார்கள். நம் தோட்டங்களில் அந்தக் குறைக்கு நெடிய பின்னணியும் இருக்கிறது. பால்மரக் காலத்தில் துரையின் பங்களா மேட்டிலும் தொழிலாளர் லயங்கள் பள்ளத்திலும் கட்டப்பட்டன. கிராணியின் வீடு இரண்டுக்கும் இடையில், எந்தப் பக்கமும் முழுமையாகச் சேராமல் நின்றது. துரையின் கட்டளையைத் தமிழில் சொல்வதும், தொழிலாளியின் முறையீட்டை ஆங்கிலத்தில் எழுதுவதும் பல தோட்டங்களில் அவர் வேலையாக இருந்ததால், இரு தரப்பும் அவரைச் சந்தேகித்தன. அவரும் தம்மைக் காத்துக்கொள்ள எட்டவே நின்றார். இன்று அந்த வீடுகள் பல இடங்களில் இடிந்துவிட்டன, லயத்துப் பிள்ளைகளே கிராணிகளாக வந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் அலுவலகச் சன்னலுக்கு வெளியே ஆளை நிறுத்திப் பதில் சொல்லும் வழக்கம் பல தோட்டங்களில் மறையவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கணவரை இழந்த ஒரு பெண் மரணப் பத்திரத்தையும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாரத்தையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உங்கள் மேசைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “இந்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள், நகல் எடுத்து வாருங்கள்” என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். அதில் ஒரு தவறும் இல்லை. “உட்காருங்கள் அக்கா, சேமநிதிப் பணத்துக்கு வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று தெரியுமா?” என்று கேட்டு, உடன் அமர்ந்து பாரத்தை நிரப்பினால் உங்கள் நடுநிலைக்கு என்ன பழுது வந்துவிடும்? செக்ரோலில் அவருக்கு ஒரு நாள்கூட அதிகம் ஏறப்போவதில்லை. மேலாளர் இப்படியொரு சமயத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவ்வாறு சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம். எந்த நிகழ்வை மனத்தில் வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடமே நேரில் கேளுங்கள். அவர் குறிப்பிடுவது முன்பணம் மறுத்த சம்பவமாக இருந்தால், அதற்கான விதியை எடுத்துக் காட்டுங்கள். துக்க வீட்டுக்குப் போகாததாக இருந்தால், இந்த வாரமே போய் வாருங்கள்.