விடுதலைத் திகதி இல்லாத வைத்தியம்

கேள்வி: 'ஏ க்ளொக்வேர்க் ஒரேஞ்' படத்தை அண்மையில்தான் பார்த்தேன். ரவுடிப் பொடியன் ஒருவனுக்கு ஊசி போட்டு, கண்ணை மூடவிடாமல் அடிதடிப் படங்களைக் காட்டி, இனிமேல் கை ஓங்க நினைத்தாலே குமட்டுகிற மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். மனித உரிமை அது இது என்று கதைக்காமல் சொல்லுங்கள்: எங்கட வாள்வெட்டுக் குழுக்களுக்கும் ஐஸ் போதைப்பொருள் விற்கிறவர்களுக்கும் இப்படியொரு வைத்தியம் வந்தால் நல்லதுதானே?
(ஒரு வாசகர், தர்மபுரம்)

பதில்: நல்லதில்லை. மனித உரிமையை இழுக்காமலே சொல்கிறேன்.

நீங்கள் படத்தில் பொடியனைத்தான் பார்த்திருக்கிறீர்கள், அமைச்சரைக் கவனிக்கவில்லை. சிறையைப் பார்க்க வருகிற அந்த மனிசன் போகிறபோக்கில் ஒன்று சொல்வார்: கொஞ்ச நாளில் சிறையில் இருக்கிற இடமெல்லாம் அரசியல் கைதிகளுக்குத் தேவைப்படலாம். அதனால்தான் சாதாரணக் குற்றவாளிகளைக் கெதியாகச் 'சுகப்படுத்தி' வெளியே தள்ளுகிற அவசரம். பொடியன் திருந்தினானா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. போர் நடந்த வன்னியில் இருந்துகொண்டு இந்த இடத்தை எப்படித் தவறவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது. அந்தப் பொடியனுக்குக் கொலைக்காகக் கிடைத்தது 14 வருஷம். அது நீளம்தான், ஆனால் அதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. வைத்தியம் இரண்டு கிழமையில் முடிகிறது என்று ஆசைப்பட்டுத் தலையைக் கொடுக்கிறான், வெளியே வந்த பிறகும் அது அவனை விடுகிறதில்லை. முன்னம் அடி வாங்கினவர்கள் திருப்பி அடிக்கிறார்கள், பழைய கூட்டாளி பொலிஸ்காரனாகி வந்து அடிக்கிறான், இவனால் கையைத் தூக்க முடியவில்லை. உயிராக நேசித்த பேத்தோவனின் இசையைக் கேட்டாலும் வயிற்றைப் பிரட்டுகிறது, ஏனென்றால் காட்டிய படங்களுக்குப் பின்னால் அந்த இசை ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியர்களைக் கேட்டால், அதைத் தவிர்க்க ஏலாதாம்!

2009இல் போர் முடிந்த பிறகு, முன்னாள் போராளிகள் என்று ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வுக்குக் கொண்டுபோனார்கள். வவுனியாவின் பூந்தோட்டம், பம்பைமடு முகாம் வாசல்களில் ஒரு சவர்க்காரக் கட்டியும் சேட்டும் போட்ட பையோடு நின்ற தாய்மார் கேட்டது ஒரே கேள்விதான், எப்ப விடுவீங்கள்? அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை, ஏனென்றால் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, பிறகு எங்கே திகதி? நீதிமன்றம் தண்டனை தந்தால் மேன்முறையீடு செய்யலாம். 'உன்னைத் திருத்துகிறோம்' என்று சொல்கிறவனுக்கு எதிராக எங்கே போய் முறையிடுவது? வெளியே வந்தும் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. வீட்டுப் படலையில் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்று இப்ப என்ன வேலை, ஆர் வந்து போகினம் என்று கேட்டால், அடுத்த நாள் அந்த ஆளுக்குக் கடன் கொடுக்கவும் பெண் கொடுக்கவும் ஊர் யோசிக்கும். அந்த ஊர் நாங்கள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

ரவுடிகளுக்கு மட்டும்தானே என்று கேட்பீர்கள். 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தை எடுத்துப் பாருங்கள். போதைக்கு அடிமையானவர்கள் என்று தொடங்கி, முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்கள் என்று நீண்டு, 'வேறு எந்த ஆட்கள் குழுவும்' என்பதில் வந்து நின்றது அந்தப் பட்டியல். அந்தக் கடைசி வரிக்குள் நீங்களும் வரலாம், இந்தப் பதிலை எழுதுகிற நானும் வரலாம். உயர் நீதிமன்றம் தலையிட்டு, போதைக்கு அடிமையானவர்கள் தவிர்ந்த அந்த மற்றப் பிரிவுகளை நீக்கச் சொன்ன பிறகுதான் 2023 ஜனவரியில் அது நிறைவேறியது. நீங்கள் கேட்கிற ஊசி கையில் இருந்தால், பட்டியல் எழுதுகிறவன் ஐஸ் விற்கிறவனோடு நிறுத்திக்கொள்வான் என்று என்ன உத்தரவாதம்?

வாள்வெட்டில் கை போனவனின் கோபம் எனக்கும் விளங்குகிறது. அவனுக்கு வேண்டியது வழக்கு இழுபடாமல் நடந்து, சாட்சி சொல்ல வந்தவன் பயமில்லாமல் வீடு போய்ச் சேர்ந்து, வெட்டியவனுக்கு இத்தனை வருஷம் என்று ஒரு தீர்ப்பு வருவது. வெட்டியவன் குமட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் இவனுக்கு என்ன கிடைக்கும்?

அப்புறம், படம் நாவலை முழுதாகச் சொல்லவில்லை. அந்தனி பேர்ஜஸ் 1962இல் எழுதிய நாவலுக்கு 21 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தில் பொடியனுக்கு 18 வயது. ஊசி இல்லை, படம் காட்டுவதும் இல்லை, அடிதடி அவனுக்குத் தானாகவே அலுத்துப்போகிறது, கலியாணம் கட்டவும் பிள்ளை பெறவும் ஆசை வருகிறது. அமெரிக்கப் பதிப்பகம் அந்த அத்தியாயத்தை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டது, ஸ்டான்லி குப்ரிக்கின் 1971ஆம் ஆண்டுப் படமும் 20ஆவது அத்தியாயத்தோடு முடிகிறது. பேர்ஜஸுக்கு இதில் கடைசிவரை மனக்குறை இருந்தது. எனக்கும் அந்த முடிவு கொஞ்சம் சுலபமாகவே படுகிறது, ஆனால் வாளோடு திரிகிற எங்கட பொடியளின் வயதும் அதுதான் என்பதால் படித்துப் பார்க்கச் சொல்வேன். அமெரிக்கப் பதிப்பு என்றால் 1986க்குப் பிறகு அச்சானதா என்று பார்த்து வாங்குங்கள், வெட்டிய அத்தியாயத்தை அங்கே திரும்பச் சேர்த்தது அந்த வருஷம்தான்.