ஸ்டூல் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி வாங்குவது பற்றியேதான். எதை வாங்கலாம், எதை வாங்கினால் பாவம், ஒன்றுமே வாங்காமல் இருந்துவிட்டால் புண்ணியமா என்றெல்லாம். சரி, ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம்.

கேள்வி: ஆன்லைனில் 299 ரூபாய்க்கு ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். "இவ்வளவு சீப்பா கிடைக்குதுன்னா யாரோ ஒருத்தர் வயித்துல அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்கிறாள் ஹாஸ்டல் தோழி. அவள் 1,500 ரூபாய் கொடுத்து 'எத்திக்கல்' டி-ஷர்ட் போடுகிறாள். நானும் அதற்கு மாறிவிடட்டுமா? – கல்லூரி மாணவி, கோவை

பதில்: மலிவாகக் கிடைக்கிறதென்றால் எங்கேயோ யாருக்கோ கூலி குறைந்திருக்கும் என்பது சரி. அதை அப்படியே திருப்பிப் போட்டு, விலை கூடினால் கூலியும் கூடியிருக்கும் என்று உங்கள் தோழி நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. கோவையில் இருக்கிறீர்கள், திருப்பூர் பக்கம்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பவர் யாரையாவது பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே பவர் டேபிளில் (மோட்டார் தையல் மிஷின்தான்) போன வாரம் ஒரு பிராண்டுக்கும் இந்த வாரம் அதைவிட நாலு மடங்கு விலைக்கு விற்கிற இன்னொரு பிராண்டுக்கும் தைத்திருப்பார். மாறியது கழுத்துப் பக்கம் வைக்கிற லேபிள். ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுக்கிற பீஸ் ரேட் மாறியதா என்று அவரையே கேளுங்கள். அப்படியே பக்கத்தில் உதவிக்கு நிற்கிற கைமடிப் பெண்ணின் சம்பளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில், டாக்கா பக்கத்தில் சவாரில், ராணா பிளாசா என்கிற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். முதல் நாளே விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல் கம்பெனிகளோ மறுநாள் காலையில் ஆட்களை உள்ளே போகச் சொன்னார்கள், போகாவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டி. இதில் என்னை உறுத்துகிற விஷயம், அந்தக் கம்பெனிகளில் சிலவற்றுக்கு ஏற்கெனவே 'சோஷியல் ஆடிட்', அதாவது தொழிலாளர் நிலைமை பற்றிய தணிக்கை, நடந்திருந்தது என்பது. வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், பாரத்தை நிரப்பினார்கள், போய்விட்டார்கள். கட்டடம் நிற்குமா என்கிற கேள்வி அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

அதற்கப்புறம் அங்கே உருப்படியாக நடந்தது 2013 மே மாதம் போட்ட தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம். தொழிற்சங்கங்களோடு 200-க்கு மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்துப் போட்டன. ஒப்புக்கு எழுதிய உறுதிமொழி கிடையாது அது, மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். என்ஜினீயர்கள் ஆலை ஆலையாகப் போய்த் தூணையும் வயரையும் அவசர வழியையும் பார்த்தார்கள், பார்த்ததை ஊரறிய வெளியிட்டார்கள்.

நம்ம ஊரிலும் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையில் இயங்குகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் என்கிற வெளிநாட்டுத் துணி பிராண்டோடும் ஒப்பந்தம் போட வைத்தது. கேப், பி.வி.எச். என்கிற துணிக் கம்பெனிகளும் பிறகு சேர்ந்தன. அதில் எனக்குப் பிடித்த ஷரத்து ரொம்பச் சாதாரணமானது: 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களுக்குள்ளேயே கண்காணிப்பாளர்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது சங்கம். மேஸ்திரி கெட்ட வார்த்தை பேசினால் புகார் சொல்ல ஹெட் ஆபீஸ் நம்பரைத் தேட வேண்டியதில்லை, பக்கத்து மிஷினில் இருக்கிற அக்காவிடம் சொன்னால் போதும்.

இருக்கிற டி-ஷர்ட்டை நாலு வருஷம் போடுங்கள். தோழியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், அந்த 1,500 ரூபாய் லேபிளில் எந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் என்று எழுதியிருக்கிறதா என்று.

கேள்வி: இயற்கைச் சாயம் என்று சொல்லி ஒரு புடவை வாங்கினேன். முதல் அலசலிலேயே வாளி முழுக்கச் சிவப்பு. கேட்டால் "சாயம் போனாத்தாங்க ஒரிஜினல்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? – இல்லத்தரசி, சேலம்

பதில்: அம்மா, எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது, ஒரு குர்தாவில். வியர்த்ததும் உள்ளே போட்டிருந்த வெள்ளை பனியன் காவியாகிவிட்டது, வீட்டில் ஒரு வாரம் என்னைச் சாமியார் என்றுதான் கூப்பிட்டார்கள். இயற்கைச் சாயத்திலும் ஒழுங்காகப் படிகாரம், கடுக்காய் போட்டுப் பதப்படுத்தினால் சாயம் நன்றாகவே நிற்கும். செயற்கைச் சாயத்தையும் அரைகுறையாகப் போட்டால் ஓடும். ஓடுவது ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை.

கடைக்காரர் சொன்ன வசனம் மட்டும் ரொம்பப் பழசு. சென்னைக் கட்டம் போட்ட துணியை அமெரிக்காவில் 1960-கள் வாக்கில் 'பிளீடிங் மெட்ராஸ்' என்றே விற்றார்கள், சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்தார்கள்! துவைக்கத் துவைக்கப் புதுப் புது நிறம் என்று வாங்கிப் போட்டார்கள் அங்கே. குறையையே பெருமையாக விற்கிற சாமர்த்தியம்.

ஆனால் சாயம் எங்கே போகிறது என்று கேட்டீர்களானால் அது வேறு கதை. நொய்யல் ஆற்றைப் பார்த்தே இந்த சீசனில் என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என்பார்கள் திருப்பூரில். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்கிற நிலை வந்தது. அவர்கள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை. அந்த விவசாயிகள் டி-ஷர்ட் வாங்குகிறவர்கள் மனம் திருந்தட்டும் என்று காத்திருக்கவில்லை.

கேள்வி: வீட்டில் மஞ்சப்பை, தாம்பூலப் பை, கண்காட்சியில் கொடுத்த பை என்று 23 துணிப்பை சேர்ந்துவிட்டது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: இல்லை சார். பருத்திப் பை ஒன்றை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில், ஒரே தடவை பயன்படுத்திய சாதாரண பிளாஸ்டிக் பையோடு சரிக்குச் சரி ஆகும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் கணக்குப் போட்டது. உங்கள் 23 பைக்கு 3,013 தடவை கடைக்குப் போக வேண்டும். அதற்காகப் பிளாஸ்டிக் தேவலை என்று அர்த்தம் கிடையாது, சாக்கடையை அடைப்பதும் மாட்டு வயிற்றில் கிடப்பதும் அந்தக் கணக்கில் வராது. ரெண்டு பையை வண்டி ஹேண்டிலில் மாட்டி வையுங்கள், மிச்சத்தைத் தெருமுனைக் காய்கறிக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பெயர் அச்சடித்துப் பை கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெயரைச் சின்னதாகப் போடுங்கள். முன்பின் தெரியாத மணமக்களின் முழு நீளப் படத்தைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: ஒரு வீடியோவை ஷேர் செய்வதால், ஹேஷ்டேக் போடுவதால் ஒரு பெரிய கம்பெனி அசைந்துவிடுமா? – தனியார் நிறுவன ஊழியர், மதுரை

பதில்: கொடைக்கானல் பாதரச விவகாரத்தைப் பாருங்கள். இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிய வந்ததும், 2001-ல் மூடப்பட்டது. 2015-ல் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய வீடியோ உலகம் பூராவும் ஓடியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. வீடியோ வந்து ஏழெட்டு மாதத்தில் முடிந்த மாதிரி தெரியும். ஆனால் மூடியதற்கும் வீடியோவுக்கும் நடுவில் 14 வருஷம் அந்தத் தொழிலாளர்கள் மெடிக்கல் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தார்களே, அந்தக் கட்டுக் காகிதம் இல்லாவிட்டால் வீடியோவில் சொல்வதற்கு என்ன இருந்திருக்கும்? மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்கிற சண்டை அதற்குப் பிறகும் ஓடியது. ஷேர் செய்யுங்கள், தப்பில்லை. யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தடவை படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: நான் டிசைன் படிக்கிறேன். விளம்பர வேலைக்குப் போகாமல் சமூகத்துக்குப் பயன்படுகிற டிசைன் செய்ய ஆசை. போஸ்டரும் லோகோவும் எதையாவது மாற்றியிருக்கிறதா? – மாணவர், சென்னை

பதில்: மாற்றியிருக்கிறது, ஆனால் கொஞ்சம் சிக்கலான விதத்தில். 1787-ல் பிரிட்டனில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்களுக்காக, பீங்கான் பாத்திரம் செய்கிற ஜோசையா வெட்ஜ்வுட் ஒரு சின்னப் பதக்கம் செய்து கொடுத்தார். சங்கிலியோடு மண்டியிட்ட கறுப்பின மனிதர், சுற்றிலும் "நானும் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா" என்று கேட்கிற வாசகம். பெண்கள் வளையலில் பதித்தார்கள், தலையில் செருகினார்கள், ஆண்கள் மூக்குப்பொடி டப்பாவில் வைத்தார்கள். 1791 வாக்கில், அடிமைகள் உழைப்பில் வந்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையே வேண்டாம் என்று மூன்று லட்சம் பேர் விட்டுவிட்டதாக அந்தக் காலத்துக் கணக்கு. டீக்குப் பேர் போன ஊரில் இது சின்ன விஷயமா!

பிறகு 1820-களில் வந்தது பாருங்கள் ஒரு சர்க்கரைக் கிண்ணம், அதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பும் கோபமும். "கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல" என்று எழுதி விற்றார்கள். கிழக்கிந்தியா என்றால் நாம்தான். தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பக்கம் நிலத்தோடு பண்ணையாள்களையும் சேர்த்துக் கைமாற்றிக்கொண்டிருந்த அதே காலம்! 1833-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவையும், கூடவே இலங்கையையும் அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். இங்கே 1843-ல்தான் தனிச் சட்டம் வந்தது. ஆக, லேபிளில் நல்ல வார்த்தையை எழுதி விற்கிற பழக்கத்துக்கு இருநூறு வயது, அதிலுள்ள ஓட்டைக்கும் அதே வயது.

அந்தப் பதக்கத்து மனிதர் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார், கவனித்தீர்களா? நிஜத்தில் 1831 கடைசியில் ஜமைக்காவில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் எழுந்து நின்று தோட்டங்களைக் கொளுத்தினார்கள், அதற்குப் பிறகுதான் லண்டனுக்கு அவசரம் வந்தது. அந்தப் படத்தை யாரும் பீங்கானில் வார்க்கவில்லை. நீங்கள் போஸ்டர் போடும்போது யாரை மண்டியிட வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம், டிசைன் என்றால் போஸ்டர் மட்டும்தானா? அடுத்த கேள்வியைப் படியுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் பதில்.

கேள்வி: துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை. உட்கார உரிமை கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது என்றார்கள், எங்கள் கடைக்கு மட்டும் வரவில்லை போலிருக்கிறது. – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: வந்திருக்கிறதம்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு: எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுத்தான் சங்கம் கூடினார்கள். கழிப்பறை இல்லாததால் நாள் பூராவும் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள் அவர்கள். அதிலிருந்துதான் நாற்காலிக்கு வந்தார்கள்.

தனியாகப் போய் முதலாளியிடம் கேட்காதீர்கள், வேலை போய்விடும். நாலைந்து பேராகச் சேருங்கள், பெயர் வெளியே போகாமல் தொழிலாளர் துறை ஆய்வாளருக்குச் சங்கம் மூலமாக எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

இப்போது டிசைன் தம்பிக்கு. நாலு மாடி ஜவுளிக்கடைக்கு பிளான் போடுகிறார்கள், சேலையில் விழுகிற வெளிச்சம் முதல் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் கவுன்டர் வரை யோசிக்கிறார்கள். கவுன்டருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பத்தான் இடம். ஸ்டூல் போட்டால் கால் இடிக்கும். சட்டம் வந்தும் நாற்காலி வராததற்கு முதலாளியின் மனசு பாதிக் காரணம், அந்த இரண்டடி இடைவெளி மீதிக் காரணம். மடக்கி வைக்கிற மாதிரி, அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து இழுக்கிற மாதிரி ஒரு பலகை, கஸ்டமர் வந்தால் தள்ளிவிட்டு எழுந்துகொள்ளலாம். இதற்கு யாரும் அவார்டு தர மாட்டார்கள். வரைந்து அனுப்புங்கள், நான் இதே பக்கத்தில் போடுகிறேன்.

போன மாதம் ஒரு கடையில் என் வீட்டுக்காரம்மா இருபதாவது புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் "உட்கார ஸ்டூல் எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டேன். அவர் ஒரு காலில் இருந்த பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றினார், மேலே கேமராவை ஒரு தடவை பார்த்தார், "இருக்குங்க சார், குடோன்ல" என்றார்.