நாலு வயசுப் பிள்ளை மதியம் தூங்கினால் படிப்பு மந்தமாகுமா?

"மதியம் தூங்க விடாதீங்க, படிப்பு ஏறாது" என்று உங்கள் பெண்ணின் எல்கேஜி டீச்சர் சொன்னதாக எழுதி, அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்களும் கூடச் சேர்ந்து பாடுவார்கள் என்று நினைக்கிறேன். இதே வரி என் மகன் டைரியில் சிவப்பு மையில் வந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றரை மாதம் அவனைத் தூங்கவே விடவில்லை. சோறு ஊட்டி முடிக்கும்போதே கண் சொருகும். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஸ்லேட்டைக் கையில் கொடுத்து உட்கார வைப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. காலையில் அழகாக எழுதிய 'இ'யைச் சாயங்காலம் கேட்டால் திருதிருவென்று முழிப்பான், ஆறு மணிக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் தரையில் உருண்டு அழுவான். அதே வீட்டில் மாமனார் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் மிக்ஸி கூடப் போடக் கூடாது, அது வேறு கதை.

அப்புறம்தான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸ்பென்சர் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். பாலர் பள்ளிப் பிள்ளைகள் 40 பேர். எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று காலையில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்து, ஒரு நாள் மதியம் தூங்க வைத்தார்கள், இன்னொரு நாள் அதே பிள்ளைகளை விழித்திருக்க வைத்தார்கள். தூங்கிய நாளில் 75 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள் தூங்காத நாளில் 65 சதவீதம்தான் சொன்னார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து மறுநாள் கேட்டபோதும் அந்தக் குறை சரியாகவில்லை என்று படித்ததுதான் என்னைக் குத்தியது.

நாற்பது பிள்ளைகளை வைத்து ஊருக்கே சொல்லலாமா என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். நான் டாக்டரும் இல்லை. அந்த ஆய்விலேயே, வழக்கமாக மதியம் தூங்குகிற பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். உங்கள் பெண் தானாகவே தூக்கத்தை விட்டிருந்தால் வம்படியாகப் படுக்க வைக்க வேண்டாம். கண் சொருகுகிறவளை எழுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

என் மகனை மூன்று மணி வரை தூங்க விட்டேன். அதற்கு மேல் போனால் ராத்திரி பத்தரை வரை ஆட்டம், அதையும் சொல்லிவிட வேண்டும். 'இ' மறக்காமல் வந்தது தூக்கத்தாலா, கை பழகியதாலா, சத்தியம் செய்ய மாட்டேன். ஆறு மணி அழுகை நின்றது மட்டும் நிஜம்.

டீச்சரிடம் சொன்னேன், "உங்க இஷ்டம் மேடம்" என்றார். சரி. டைரியில் எனக்குப் புத்தி சொல்லத் தெரிந்த அந்தப் பள்ளிக்கு, வேனே ஓடாத மே மாதத்துக்கும் எதற்கு வேன் ஃபீஸ் என்று அதே டைரியில் நான் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் எழுத வரவில்லை.