இலகு விளையாட்டு விமானங்கள் தரையிறங்கும்போது ஏன் விபத்துக்குள்ளாகின்றன?

இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, எடை குறைந்த சிறு விமானத்தையே இலகு விளையாட்டு விமானம் என்கிறார்கள்; அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு வந்த விதி, தரையிலிருந்து கிளம்பும் இத்தகைய விமானத்தின் மொத்த எடைக்கு 600 கிலோ என்று வரம்பு வைத்தது.

இந்த எடைக்குறைவே தரையிறங்கும்போது சிக்கலாகிறது. ஆடி மாதத்தில் மதுரை ஏ.வி. பாலத்தில் டவுன் பஸ் அசையாமல் போகும். அதே மேல்காற்று, பின்னால் வரும் டி.வி.எஸ். 50 வண்டியைக் கைப்பிடிச் சுவர் பக்கமாகத் தள்ளிவிடும். வண்டிக்காவது தரையில் டயரின் பிடிப்பு உண்டு. ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும் விமானத்துக்கு அதுவும் இல்லை. பக்கக்காற்று ஒரு முறை வீசி அடங்கினால் விமானம் விலகும், அல்லது சட்டென்று கீழே இறங்கும்.

தேவைக்கு மேற்பட்ட வேகத்தில் வந்தாலும் ஆபத்துதான். முன்சக்கரம் முதலில் மோதினால் மூக்கு மேலெழும். பதறிய விமானி கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினால் அதே சக்கரம் இன்னும் பலமாக மோதும். இரண்டு மூன்று துள்ளல்களில் சக்கரத்தின் கால் ஒடிந்து, விசிறி தரையில் உரசிவிடும். முதல் துள்ளலிலேயே எஞ்சினுக்கு வேகம் கொடுத்து மீண்டும் மேலேறிச் சுற்றி வருவதே பாதுகாப்பானது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்தத் துள்ளலுக்கு டயரில் உள்ள காற்றே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மூக்கு உயர்ந்ததும் இறக்கை காற்றை மீண்டும் ஏந்திக்கொள்வதே முக்கியக் காரணம்.