சூடு ஒரு நோய், திக்கல் வேறு நோய்: கேமிங் லேப்டாப் கேள்வி பதில்

வந்து குவிந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சாயல்: "லேப்டாப் சூடாகிறது, விளையாட்டு திக்குகிறது, என்ன செய்வது?" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். சூட்டால் திக்கலாம், சூடே இல்லாமலும் திக்கலாம், நன்றாகச் சூடாகியும் திக்காமல் ஓடலாம். எது எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் சிப்பின் மேல் தடவியிருக்கும் வெப்பப் பசையை (தெர்மல் பேஸ்ட்) மாற்றுவதும் விண்டோஸை அழித்து மறுபடி போடுவதும் வீண் வேலை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: விளையாடும்போது பிராசசர் 95 டிகிரி காட்டுகிறது. எரிந்துபோய்விடுமா?

எரியாது. இன்டெல்லின் லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் வகைகளில் பெரும்பாலும் 95 அல்லது 100. வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும். உயிரைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது வெப்பத்தை மட்டுமல்ல, பக்கத்தில் ஓடும் வேகத்தையும்தான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு அரை மணி நேரம் விளையாடுங்கள். 93 டிகிரியில் நின்றாலும் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த மெல்லிய உடலுக்குள் அது அப்படித்தான் இருக்கும். 4.2-இல் தொடங்கி 2.2-க்கு விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்தால் அதுதான் கோளாறு. வெப்பத்தால் வேகம் குறைந்ததா, மின்வரம்பால் குறைந்ததா என்பதையும் அதே மென்பொருள் 'ஆம், இல்லை' என்று தனித்தனி வரிகளில் காட்டும். பலர் அந்த வரிகள் வரை உருட்டிப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: திரையின் மூலையில் 60 ஃபிரேம் என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் வெட்டி வெட்டி ஓடுகிறது. எண் பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை, மறைக்கிறது. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லி விநாடி. ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் 14.4 மில்லி விநாடி வீதம் விரைந்து வந்துவிட, மிஞ்சிய ஒன்று மட்டும் 150 மில்லி விநாடி இழுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கூட்டிப் பார்த்தால் அதே 60 தான். உங்கள் கண்ணில் படுவதோ அந்த 150.

எனவே எண்ணை விட்டுவிட்டு ஃபிரேம் நேர வரைபடத்தைப் போடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும். கோடு மட்டமாக ஓடி, புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஈட்டி போலக் குத்தி எழுந்தால் ஷேடர் தொகுப்பு (என்னவென்று பின்னால் ஒரு கேள்வியில் சொல்கிறேன்) அல்லது சேமிப்பு வட்டு. முதல் கால் மணி நேரம் மட்டமாக இருந்து பிறகு கோடு முழுவதுமே மேலே ஏறிவிட்டால் வெப்பம். தொடக்கத்திலிருந்தே ரம்பப் பல்லாக இருந்தால் கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பியிருக்கலாம், பிராசசர் ஈடுகொடுக்காமல் இருக்கலாம். பரிசோதனைக்கு முன்பே மருந்து கேட்பவர்கள் இந்தப் படத்தையாவது எடுத்துவைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: முதல் 15 நிமிடம் வெண்ணெய் போல ஓடுகிறது. அப்புறம் திணறுகிறது. ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால் மறுபடி சரியாகிறது. வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது.

உங்களுடையது சந்தேகமே இல்லாமல் சூடுதான். இரண்டரை ஆண்டு என்று சொன்னீர்களே, அதில் பாதி விடை இருக்கிறது. விசிறி உறிஞ்சும் தூசி, வெளியேறும் வாயிலில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளின் உட்புறத்தில் தங்கும். நாளடைவில் அது கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். விசிறி முழு மூச்சாகச் சுற்றும், சத்தமும் போடும், காற்று மட்டும் வெளியே வராது. உங்கள் கையை வெளிவாயிலில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் பலமாகவும் காற்று மெலிதாகவும் இருந்தால் அடைப்பு.

வெளியிலிருந்து காற்றடித்தால் அந்தப் படலம் உள்ளே போய் விசிறிக்குள் விழும். அடிமூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். காற்று அடிக்கும்போது விசிறியை ஒரு குச்சியால் நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் அதன் தாங்கி கெடும், மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்கு அனுப்பவும் கூடும். வீட்டைப் பெருக்கும் வேக்குவம் கிளீனரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், நிலைமின்சாரம் உண்டாக்கும்.

திருகுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். அடிமூடியின் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. கை பழகாத காலத்தில், குட்டைத் திருகின் துளையில் நீளத் திருகை இறுக்கி, மேலே விசைப்பலகைப் பக்கம் ஒரு புடைப்பை உண்டாக்கினேன். அது என் சொந்த லேப்டாப்பாக இருந்தது என் அதிர்ஷ்டம். இப்போதெல்லாம் ஒரு தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகை எங்கே கழற்றினேனோ அங்கேயே குத்திவைக்கிறேன்.

கேள்வி: தூசி எடுத்தும் சூடு குறையவில்லை. தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டுமா? எது நல்லது? லிக்விட் மெட்டல் போடலாமா?

மேசைக் கணினியின் பிராசசருக்கு மேலே ஓர் உலோக மூடி உண்டு. லேப்டாப்பில் அது கிடையாது. சிலிக்கான் துண்டின் மேலேயே பசை, பசையின் மேலேயே செம்புத் தகடு. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, இப்படி ஆயிரம் முறை நடந்தால் நீர்த்தன்மையுள்ள பசை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். மேசைக் கணினியில் நல்ல பெயர் வாங்கிய பசை லேப்டாப்பில் சில மாதங்களிலேயே தளர்வது இதனால்தான். கெட்டியான பசையைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட என் விருப்பம், சூட்டில் இளகி ஆறினால் இறுகும் தாள் வகை. ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம் 7950 இந்த வகையில் பெயர் பெற்றது. பிதுங்கி ஓடாது. ஒட்டிய முதல் நாளே முழுப் பலன் தெரியாது. சில முறை சூடேறி ஆறிய பிறகுதான் சரியாகப் படியும்.

லிக்விட் மெட்டல் என்பது காலியம் கலந்த உலோகக் கலவை. வெப்பத்தை அருமையாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும். அலுமினியத்தைத் தொட்டால் அரித்துவிடும். பையில் போட்டுத் தூக்கிச் செல்லும் ஒரு பொருளுக்குள் ஒரு துளி வழிந்தால் பலகையே போய்விடும். தொழிற்சாலையில் தடுப்பு வைத்துப் போட்டிருந்தால் சரி, நீங்களாகப் போடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நினைவகச் சில்லுகளின் மேல் இருக்கும் மெத்தென்ற பட்டைகளைக் கிழித்துவிட்டு, கையில் கிடைத்த தடிமனில் புதியதை ஒட்டிவிடுவார்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் செம்புத் தகடு சிப்பின் மேல் சரியாக உட்காராது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

கேள்வி: அடியில் வைக்கும் விசிறிப் பலகை, அதாவது கூலிங் பேட், வாங்கலாமா?

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்திவைத்து முதலில் பாருங்கள். கூலிங் பேட் தரும் பலனில் பெரும்பகுதி அந்த உயரத்தாலேயே கிடைத்துவிடும். மெத்தை மேல் வைத்து விளையாடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

கேள்வி: பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைக்கச் சொல்கிறார்கள். ஒரு சதவீதம் குறைத்தால் 15 டிகிரி குறைகிறது. இது என்ன மாயம்?

குறைவது ஒரு சதவீதம் அல்ல. 100-க்குக் கீழே வைத்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ எனப்படும் கூடுதல் வேகம் முழுவதுமே அணைந்துவிடும். 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது 2.6-இலோ 2.3-இலோ நின்றுவிடும். கிராபிக்ஸ் சிப்பே முட்டுக்கட்டையாக இருக்கும் விளையாட்டுகளில் வித்தியாசம் தெரியாது. பிராசசரைப் பிழியும் விளையாட்டுகளில் திக்கலை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

அவ்வளவு சூடு ஏன் குறைகிறது என்பது சுவையான விஷயம். சிப் இயங்கும்போது செலவாகும் மின்சாரம், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். கடைசி அரை கிகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் கொஞ்ச வேகத்துக்குத்தான் கொள்ளைச் சூடு. திருப்பிப் பாருங்கள்: 1.1 வோல்ட்டிலிருந்து 1.0 வோல்ட்டுக்கு இறக்கினால், வேகம் மாறாவிட்டாலும் அந்தச் செலவு சுமார் 17 சதவீதம் குறைகிறது. மின்னழுத்தக் குறைப்பின் சூட்சுமம் இதுதான்.

பிராசசரில் இதைச் செய்வது இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் பூட்டப்பட்டிருக்கிறது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், தயாரிப்பாளர்கள் பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மேம்படுத்தல் வழியாக வாசலை அடைத்துவிட்டார்கள். கிராபிக்ஸ் சிப்பில் பெரும்பாலும் முடியும். ஆஃப்டர்பர்னரில் மின்னழுத்த வளைவைத் திறந்து சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரமாவது விளையாடிப் பாருங்கள். விளையாட்டு செயலிழந்தால் ஒரு படி மேலே ஏறுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஃபிரேம் வரம்பு போட்டீர்களா? விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரைக்கு 140 ஃபிரேம் வரைந்து தள்ளுவது யாருக்காக? சில விளையாட்டுகளில் முகப்புப் பட்டியல்கூட நூற்றுக்கணக்கில் ஓடி, நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் லேப்டாப்பைக் காய்ச்சிவிடும்.

கேள்வி: சார்ஜரைக் கழற்றினால் 30 ஃபிரேமுக்கு விழுந்துவிடுகிறது.

கோளாறு அல்ல. கேமிங் லேப்டாப் முழு வேகத்தில் கேட்கும் மின்சாரத்தைப் பேட்டரியால் தர முடியாது. கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் வசதியும் ஃபிரேமைக் குறைத்து வைக்கும். 230 வாட் சார்ஜருக்குப் பதில் 100 வாட் டைப்-சி சார்ஜரில் விளையாடுகிறவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: அண்ணா, நண்பனிடமும் என்னிடமும் இருப்பது ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப். அவனுக்கு ஓடுவதில் முக்கால்வாசிதான் எனக்கு ஓடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெயர் ஒன்று, தம்பி, பசி வேறு. லேப்டாப்புக்கான 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தலாம் என்று என்விடியாவே அனுமதித்திருக்கிறது. மெல்லிய உடலில் குறைந்த வாட், தடித்த உடலில் கூடுதல் வாட். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தின் கணினித் தகவல் பகுதியில் உங்களுடையதன் உச்ச வாட்டைப் பார்க்கலாம்.

வாட் சமமாக இருந்தால் ரேமைப் பாருங்கள். 16 ஜிபி ஒரே பட்டையாக இருந்தால் தரவு ஒற்றைத் தடத்தில்தான் போகும். இரண்டு 8 ஜிபி பட்டைகளாக இருந்தால் இரட்டைத் தடம். பிராசசரை நம்பும் விளையாட்டுகளில் திக்கல் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாவதாகத் திரை இணைப்பு. பல லேப்டாப்களில் படம் பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகிறது. இந்தச் சுற்றைத் தவிர்க்கும் மக்ஸ் சுவிட்ச் என்ற வசதி இருந்தால் நேர்வழிக்கு மாற்றி, மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

கேள்வி: வெப்பம் 70-ஐத் தாண்டவில்லை. ஆனால் புதிய பகுதிக்குள் நுழைந்தால் திக்குகிறது. அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் திக்குவதில்லை. டிரைவரைப் புதுப்பித்ததிலிருந்து இன்னும் மோசம்.

இவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்டால் பதில் சொல்வதே இன்பம். இது ஷேடர் தொகுப்பு. ஒளி, நீர், புகை ஒவ்வொன்றையும் வரையும் சிறு நிரல்களை உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியும்படி அந்த நொடியில்தான் டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், மாற்றுகிறது. மாற்றி முடிக்கும்வரை ஃபிரேம் காத்திருக்கிறது. மாற்றியதைச் சேமித்துவைப்பதால் இரண்டாம் முறை திக்குவதில்லை. புதிய டிரைவர் வந்தால் பழைய சேமிப்பு செல்லாது, முதலிலிருந்து ஆரம்பம். விளையாட்டு தொடங்கும்போது 'ஷேடர்கள் தயாராகின்றன' என்று வந்தால் பொறுமையாக முடியவிடுங்கள். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஷேடர் சேமிப்பின் அளவை 10 ஜிபி ஆக்குங்கள். வேறு வழியில்லை, சில விளையாட்டுகள் எழுதப்பட்ட லட்சணமே அப்படி, எத்தனை விலையுயர்ந்த கணினியிலும் திக்கும்.

திரும்பி வந்தாலும் திக்கினால் அது வேறு. 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகத்தில் உச்சத் தர டெக்ஸ்சரை (பொருள்களின் பரப்பில் ஒட்டும் படங்களை) திணித்தால், மிஞ்சியது ரேமுக்குப் போய் வரும். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: சில விநாடிக்கு ஒருமுறை ஒரு குத்தல், கூடவே ஒலியும் கரகரக்கிறது.

ஒலியும் சேர்ந்து உடைந்தால் ஏதோ ஒரு டிரைவர் பிராசசரைப் பிடித்துக்கொள்கிறது. லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எதுவென்று காட்டிக்கொடுக்கும்; நான் பார்த்தவரை வைஃபை டிரைவர் அடிக்கடி மாட்டும். வண்ண விளக்குகளை ஆட்டும் மென்பொருளையும் மூடிப் பாருங்கள்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால்?

உள்ளே பனித்துளி கோக்கும். வேண்டாம்.

கேள்வி: சூட்டால் டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது, மூடி சரியாக மூடவில்லை. பேஸ்ட் மாற்றினால் சரியாகுமா?

மற்றவர்கள் கேள்விக்கு நடுவில் இதைப் போட்டுவிட்டீர்கள், நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே அணைத்துவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்கள். டச்பேடை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ செய்யாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் லேப்டாப்பை வைத்துவிட்டு, பேட்டரியைப் பாதுகாப்பாகக் கழற்றத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். விளையாட்டு திக்குவதைப் பற்றிப் பேட்டரி மாற்றிய பிறகு பேசுவோம்.