என் குரல் எனக்கே சகிக்கவில்லை டாக்டர், இது நோயா?

கேள்வி: எனக்கு 31 வயது. வேலையில் கெட்டிக்காரி என்றுதான் பெயர். ஆனால் மீட்டிங்கில் பேச வேண்டும் என்றால் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்ந்துவிடுகிறது, குரல் கீச்சென்று ஆகிவிடுகிறது. நான் மனதில் வைத்திருந்ததையே வேறொருவர் சொல்லிப் பாராட்டு வாங்கிவிடுகிறார். வாய்ஸ் மெசேஜ் பேசினால்கூடப் போட்டுக் கேட்டுவிட்டு அழித்துவிடுகிறேன். இதற்கு மாத்திரை உண்டா?

பதில்: அந்த வாய்ஸ் மெசேஜிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இப்போதே இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். குரல் கனமாக, தலைக்குள்ளேயே முழங்குவதுபோல் கேட்கிறதா? அது மண்டையோட்டு எலும்பு வழியாக உள்காதுக்குப் போகும் ஒலி, அதில் கீழ்ச்சுருதி தூக்கலாக இருக்கும். நாம் பேசும்போதெல்லாம் காற்று வழியாக வரும் ஒலியோடு இதுவும் கலந்துதான் நமக்குக் கேட்கிறது. செல்போன் பதிவில் எலும்பு வழி ஒலி கிடையாது, அதனால் குரல் மெலிந்து, யாரோ பேசுவதுபோல் இருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, தன் குரலைப் பதிவில் முதன்முதலாகக் கேட்கிற பெரும்பாலானோர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் கூட வேலை செய்பவர்களும் இத்தனை வருடமாகக் கேட்டுப் பழகியது அந்தக் குரலைத்தான். உங்களுக்குப் பழக்கமில்லாததை நீங்களே மட்டம் என்று தீர்ப்பு எழுதி அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கருத்திலும் அதேதான் நடக்கிறது. மனதுக்குள் தெளிவாக இருந்த யோசனை, சொல்லப் போகும் நேரத்தில் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. கையை லேசாக உயர்த்துகிறீர்கள், அல்லது மியூட்டை எடுக்கப் பொத்தான் மேல் விரலை வைக்கிறீர்கள், வாக்கியத்தை இன்னொரு முறை மனதில் திருத்துகிறீர்கள், அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அப்பாடா என்று ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதுதான் ஆபத்து. பேசாமல் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

படபடப்புக்குக் காரணம், பயம் வந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன். குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன, எச்சில் குறைகிறது. பெண்களின் குரல்நாண்கள் சாதாரணமாக நொடிக்குச் சுமார் 200 முறை அதிரும். இறுகும்போது அந்த எண்ணிக்கை ஏறுவதால்தான் கீச்சென்று கேட்கிறது. உடம்பு உஷாராகிவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் இல்லை. உங்களுக்கு விஷயம் தெரியாது என்று அது சொல்லவில்லை.

1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிக் கண்டதை எழுதினார்கள். பட்டமும் பாராட்டும் இருந்தும் 'என்றைக்கு என் குட்டு வெளிப்படுமோ' என்ற பயம் அவர்களிடம் இருந்தது. ஆண்களுக்கும் இது உண்டு என்று பிறகு தெரிந்தது. நோய்ப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

ஆனால் நாலு பேர் முன் பேசுகிற பயம் 6 மாதத்துக்கு மேல் விடாமல் இருந்து, அதனால் பதவி உயர்வு, நட்பு என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்துக்கொண்டே போனால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது, சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். சும்மா இருக்கும்போதும் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல் என்றால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். குரல் கரகரப்பு மூன்று நான்கு வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர். மேடை நடுக்கத்துக்கு என்று யாராவது கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையைத் தயவுசெய்து நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலை வரவழைக்கும்.

சரி, இனி செய்ய வேண்டியது. அடுத்த மீட்டிங்கில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள், ஒரு சின்னக் கேள்வியாக இருந்தாலும் போதும், காத்திருக்கக் காத்திருக்கப் பயம்தான் வளரும். சொல்ல வேண்டியதை மூன்று சொல்லில் குறித்துக்கொண்டு, மூச்சை நிதானமாக நீளமாக வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள். 'இது சரியா என்று தெரியவில்லை, ஆனால்' என்ற முன்னுரை வேண்டாம், நேராக விஷயத்துக்கு வாருங்கள். உங்கள் யோசனையை இன்னொருவர் முந்திச் சொல்லிவிட்டாலும் ஒதுங்காதீர்கள், 'நானும் இதைத்தான் யோசித்தேன், கூடவே இன்னொன்றும் இருக்கிறது' என்று சேர்ந்துகொள்ளுங்கள். அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு பேசியதை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அதை இன்றோடு விடுங்கள். எத்தனையோ பேரை அதுதான் மறுபடி மௌனமாக்கியிருக்கிறது.

கடைசியாக அழித்த வாய்ஸ் மெசேஜ் யாருக்கு என்று நினைவிருக்கும். அவருக்கு அதையே இன்று மறுபடி பேசி, போட்டுக் கேட்காமல் அனுப்பிவிடுங்கள்.